ஆரத்தில் பாதி

மாமா போட்டதுதானுங்க, மாமா போட்டதுதானுங்க என்று விடிந்ததிலிருந்து வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்து சிந்துஜாவுக்கு அந்த வார்த்தையே சப்பென்று ஆகிவிட்டது, இனிப்பு போன பபிள்கம் மாதிரி, ஆனால் துப்பவும் முடியாது, கூப்பிட்டதும் உள்ளே போய்க் கூண்டில் ஏறி நீதிபதியம்மா முகத்தைப் பார்த்து அதையே புதுசு மாதிரி சொல்லியாக வேண்டும். கோயமுத்தூர் கோர்ட்டு வராந்தாவில் ஒரு பெஞ்சு, ஒரு ஓரத்தில் அம்மா, நடுவில் இவள், அந்த ஓரத்தில் அம்மாவின் அண்ணன் நாச்சிமுத்து மாமா, மாமா மடியில் இவளுடைய திரட்டி ஆல்பம். வயசுக்கு வந்ததற்கு ஊரைக் கூட்டிச் சீர் செய்து, அதைப் போட்டோ எடுத்து, கல்யாண ஆல்பம் தண்டிக்கு அச்சடித்து, இப்போது அதைக் கோர்ட்டுக்குச் சாட்சியாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், இதைவிட மானக்கேடு வேறு வேண்டுமா, போகிற வருகிற வக்கீலெல்லாம் அட்டையைப் பார்க்கிறான், அட்டையில் இவள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு ஈயென்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். கவுத்து வைங்க மாமா என்றால், "ஏன் அம்மிணி, லட்சணமாத்தான இருக்கற" என்று துண்டால் அட்டையைத் துடைக்கிறார். கெரகம். இந்த மனுசனிடம் எதையும் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஆல்பத்தில் பத்துப் போட்டோவிலாவது மாமா இவள் கழுத்தில் செயின் மாட்டுகிறார், முன்னாலிருந்து, பின்னாலிருந்து, பக்கவாட்டில், அந்தச் செயின் வாங்கிய பில்லைக்கூட பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் என்று காலையில் டீக்கடையில் வைத்து வக்கீல் ஜெகதீசனையே கேட்டார், வக்கீலும் வடையைப் பிட்டபடி, "போதும்ங்க, தாய்மாமன் சீருன்னா ஜட்ஜம்மாவுக்கே புரியும்" என்றார். புரியும் புரியும். அந்தச் செயின் உலகத்திலேயே இல்லை என்பது மட்டும் ரெண்டு பேருக்கும் தெரியாது. அது தெரிந்த ரெண்டு பேரில் ஒருத்தி முந்தானையை முறுக்கிக்கொண்டு இந்த ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், இன்னொருத்தி நடுவில்.

எல்லாம் முயலால் வந்தது. அப்பா முயல் கம்பெனி வைத்தார். காசு கட்டினால் கூண்டும் முயலும் கொடுப்போம், குட்டியை நாங்களே வாங்கிக்கொள்வோம், மாசமானால் பணம் வீடு தேடி வரும் என்று நோட்டீஸ் அடித்தார். முயல் குட்டி போட்டது, சொன்னபடி நடந்தது அது ஒன்றுதான். முதலில் கட்டினவர்களுக்குப் பின்னால் கட்டினவர்கள் காசை எடுத்துக் கொடுத்தார், அவர்கள் போய் ஊரெல்லாம் அப்பா புகழ் பாடினார்கள், அப்புறம் பின்னால் கட்ட ஆள் இல்லாமல் போனது, அப்புறம் அப்பா ஜெயிலுக்குப் போனார், இவ்வளவுதான் கதை, இதைத்தான் வக்கீல்கள் வருசக்கணக்காகப் பேசுகிறார்கள். வீட்டுக்குச் சீல் வைக்க வந்த அன்றைக்குப் போலீஸ் ஒவ்வொன்றாக எழுதினார்கள், கார், டிவி, பிரிட்ஜ், கட்டில், முயல் கூண்டு, முயல். சினை முயல் ஒன்று இருந்தது. ஜப்தி பண்ணின முயல் குட்டி போட்டால் அந்தக் குட்டியும் ஜப்தியாங்க சார் என்று சிந்துஜா நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், இன்ஸ்பெக்டர் நக்கல் என்று நினைத்து, "அப்பன் பண்ணுனது பத்தாதா, நீ வேறயா" என்றார். ஜெகதீசன் சாரிடம் கேட்டபோதுதான் அவர் சிரித்துவிட்டு, "குட்டியும்தாம்மா" என்றார். தப்பு வழியில் வந்த காசு நிலமானால் சட்டம் நிலத்துக்குப் போகும், நிலத்தை விற்றுக் கார் வாங்கினால் காருக்குள் ஏறும், கார் போய் நகையானால் கழுத்து வரைக்கும் வரும், இது எங்க சொந்தம், இதில் அந்தக் காசு இல்லை என்றால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அப்புறம் ஏலம் விட்டு, ஏமாந்தவர்களுக்குப் பங்கு வைத்துப் பிரித்துக் கொடுப்பார்கள். நியாயமாகத்தான் இருக்கிறது. அதுதான் கடுப்பு. நியாயமாக இல்லாவிட்டால் திட்டிவிட்டாவது போகலாம்.

அம்மா முழங்கையால் இடித்தாள். "மூஞ்சிய நல்லா வெச்சுக்க. மாமன் போட்டதுன்னு ஒரு வார்த்த, அவ்வளவுதான். அதொண்ணும் பொய்யில்ல." பொய்யில்லையாம். மாமா போட்டது செயின். போலீஸ் எடுத்துக்கொண்டு போனது ஆரம். நடுவில் நடந்தது அம்மாவின் வேலை. யாரோ ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்தில் யாரோ ஒருத்தி, என்ன உம்பட புள்ள நூலாட்டம் ஒண்ணப் போட்டுட்டு வந்திருக்குது என்று கேட்டுவிட்டாள், அதோடு அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. அட்சய திருதியை அன்றைக்கு ஈரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பழசைப் போட்டுப் புதுசு எடுப்பது, எல்லாப் பொம்பளைகளும் செய்வதுதான், கடையில் அதற்கென்றே தனி கவுண்டர் இருக்கிறது. தராசில் போட்டார்கள், உரசினார்கள், ஒருத்தன் உள்ளே கொண்டுபோனான், திரும்பி வரும்போது அவன் கையில் ஒன்றுமில்லை. மாமா கோழி லோடு ஓட்டி ஓட்டிச் சேர்த்து, சந்தைச் சந்தையாக அலைந்த சம்பாத்தியம், ஒரு கதவுக்குப் பின்னால் போய்விட்டது. மேற்கொண்டு காசு போட்டு ஆரம் எடுத்தாள் அம்மா. தாய்மாமன் போட்ட சீரை அவரைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்று அவளுக்குத் தெரியாதா, தெரியும், தெரிந்துதான் மாமா வருகிறார் என்றால் ஆரத்தைக் கழற்றச் சொல்லிவிடுவாள். "நான் போட்டதப் போட்டுக்கலியா அம்மிணி" என்று மாமா கேட்பார், "லாக்கர்ல இருக்குதுண்ணா, காலம் கெட்டுக் கெடக்குது" என்று அம்மா காபியை நீட்டுவாள். அது லாக்கரிலும் இல்லை, இந்த ஆரத்திலும் இல்லை. உருக்கி வேறு எதுவோ பண்ணி வேறு எவளோ இந்நேரம் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருப்பாள். அப்படியென்றால் ஆரத்தில் மாமா எங்கே இருக்கிறார். மணியிலா, கண்ணியிலா, கொக்கியிலா. சட்டம் பெரிய சட்டம்தானே, அது வந்து காட்டட்டுமே, இந்தா இதுவரைக்கும் மாமா, இங்கிருந்து அந்தக் காசு என்று.

ஆனால் ஆரம் வேண்டும். வேண்டாம் என்று வீம்பு பேச இது சினிமா இல்லை. வீட்டுக்குச் சீல் வைத்ததிலிருந்து மாமா வீட்டில்தான் இருக்கிறார்கள், தீவன மூட்டை அடுக்கி வைத்த அறையில், படுத்து எழுந்தால் தலைமுடியெல்லாம் தவிட்டு வாசம். மாமா ஒரு சொல் சொல்லமாட்டார். அத்தைக்குச் சொல்லவே வேண்டியதில்லை, பாத்திரம் வைக்கிற சத்தமே போதும். ஆரம் வந்தால் விற்றுவிட்டுத் தனியாக ஒரு வாடகை வீடு பார்த்து, அம்மாவுக்கு ஒரு கதவு, தாழ்ப்பாள், உள்ளே போய் அழ ஓர் இடம், அவ்வளவுதான் அம்மா கேட்பது. சிந்துஜாவின் பனியன் கம்பெனிச் சம்பளத்தில் அதெல்லாம் நடக்காது, பிசிறு வெட்டுகிறவளுக்கு என்ன கொடுப்பார்கள். பிளஸ் ஒன் பாதியிலேயே நின்றுவிட்டாள். வகுப்புக்குள் நுழைந்தால் போர்டில் ரெண்டு நீளக் காது வரைந்திருக்கும், டீச்சர் அழிப்பார், மறுநாள் மறுபடி காது, டீச்சருக்கே சலித்துப்போய் ஒரு நாள் காதை விட்டுவிட்டு மீதி இடத்தில் கணக்கு எழுதிப் போட்டார், அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தான்.

"தள்ளி உக்காரு கண்ணு" என்று ஒரு குரல். தெய்வானை ஆயா. பஸ்ஸில் வந்த வேர்வையோடு பெஞ்சில் இடம் கேட்டு நிற்கிறது. ஓடிவிடலாமா என்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கிப் போட்ட ஆயா, முட்டை உடைந்துபோனால் இன்னொன்று வைக்கிற ஆயா, வேலை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காசை அப்படியே கொண்டுவந்து அப்பாவிடம் கட்டியது. வாய்தாவுக்கு வாய்தா வந்துவிடும், யாரும் கூப்பிடமாட்டார்கள், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், வராந்தாவில் உட்கார்ந்துவிட்டுப் போகும். அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாமா எழுந்து இடம் விட்டார். ஆயா உட்கார்ந்து மூச்சு வாங்கி, "இன்னைக்கு உங்களுதா" என்றது. "ஆமாங்க." "நகையா." "ஆமாங்க ஆயா." "கெடைக்குமாமா." "தெரியிலீங்க." ஆயா பையிலிருந்து வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டியது. "தின்னு. எளச்சுப் போயிட்ட. உங்கொப்பன் எப்பிடி இருக்கறான், சோறு போடறாங்களா அங்க. நல்லா போடட்டும். அவன் தெம்பா இருந்தாத்தான எங்காசச் சொல்லுவான் எங்க வெச்சேன்னு." மாமா சிரித்துவிட்டார். ஆயாவும் சிரித்தது. "எனக்கு ரெண்டு மொயலு குடுத்தான் பாரு, ஆணும் பொண்ணும்னு. ரெண்டும் ஆணு. அப்பவே தெரிஞ்சிருக்கோணும் எனக்கு." எப்படி இந்தக் கிழவிக்குச் சிரிப்பு வருகிறது. திட்டினால் தேவலை. மண்ணை வாரித் தூற்றினால் இவளும் பதிலுக்கு நாலு கேட்பாள், சண்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். கடலையைக் கையில் வைத்துக்கொண்டு தின்னவும் முடியாமல் திருப்பித் தரவும் முடியாமல் இருப்பதற்குப் பேர் என்ன. எங்காசு எங்க வெச்சான் என்று கேட்கிறது. சிந்துஜாவுக்குத் தெரியும் எங்கே வைத்தார் என்று. ஆயா மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்த காசு அன்றைக்கு ராத்திரி பிரிட்ஜுக்கு மேலே இருந்தது, மறுநாள் அம்மா அந்தப் பையோடு எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள், ஈரோட்டுக் கடையில் கேஷியர் அதே மஞ்சள் பையைக் கவிழ்த்துத்தான் நோட்டைத் தட்டினான். பையில் ரசம் வாசம் அடித்தது என்று மூக்கைச் சுளித்தான். மாமா ஆரத்தில் எங்கே இருக்கிறார் என்றுதான் தெரியாது, ஆயா எங்கே இருக்கிறது என்று நல்லாத் தெரியும், மீதி பூராவும் ஆயாதான். உள்ளே போய் மாமா போட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆயாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடலாம், ஆயா முன்னாலேயே, கடலையைத் தின்றுகொண்டே. சரி, சொல்லாவிட்டால் மட்டும் என்ன, ஏலம் போட்டு எல்லோருக்கும் பிரித்தால் ஆயா பங்குக்கு ஒரு பஸ் டிக்கெட் காசு வருமா. அந்தக் காசுக்காக அம்மா தவிட்டு மூட்டைப் பக்கத்தில் படுக்க வேண்டுமா. அதுவும் சரிதான். எல்லாமே சரியாக இருப்பதுதான் பிரச்சினை, எதைப் பிடித்தாலும் அது சரியாக இருக்கிறது, சரியாக இருந்துகொண்டு கையைக் கடிக்கிறது.

பேரைக் கூப்பிட்டார்கள். அப்பா பேரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள், அதை மெதுவாகக் கூப்பிட்டால் ஆகாதா. உள்ளே மின்விசிறி இருந்தும் காற்று இல்லை. பில் மாமா பேரில் இருக்கிறது என்று ஜெகதீசன் சார் மாமாவைத்தான் முதலில் கூண்டில் ஏற்றினார். மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆல்பத்தை நீதிபதியம்மாவுக்கு நீட்டினார், அவர் ரெண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினார், அட்டைப் பல் இப்போது மேசை மேல். அப்புறம் சீல் வைத்த கவரைக் கொண்டுவந்து உடைத்தார்கள். அம்மா இவள் கையைப் பிடித்தாள். கவரை உடைப்பார்கள் என்று அம்மா நினைக்கவில்லை, இவளும் நினைக்கவில்லை, நகை எங்கோ பெட்டியில் கிடக்கும், இங்கே வாயால் பேசிக்கொள்வோம் என்றுதான் நினைத்தார்கள், அடக் கடவுளே, இத்தனை நாள் இதைக்கூட யோசிக்காமல் என்னத்தை யோசித்தோம். ஆரம் மாமா கைக்குப் போயிற்று. மாமா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். திருப்பினார். கொக்கியைத் தேடினார். சீர் அன்றைக்குச் செயின் கொக்கி மாட்டாமல் மாமா பல்லால் கடித்து நெளித்து மாட்டினார், காதுக்குப் பக்கத்தில் வெற்றிலை வாசம், ஊரே சிரித்தது, கடிச்சுப் போடாத நாச்சிமுத்து, புள்ள கழுத்து என்று. இப்போது கட்டைவிரலால் கொக்கியைத் தடவினார், ஒரு தரம், மறுபடி. அப்புறம் அம்மாவைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, லோடு ஏற்றிவிட்டு எண்ணிக்கை குறைந்தால் வண்டியை ஒருமுறை பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். "இதானுங்களா நீங்க போட்டது" என்று அரசு வக்கீல் கேட்டார். "ஆமாங்க" என்றார் மாமா. "பில்லுல செயின்னு இருக்கு. இது ஆரம். எடையும் கூட இருக்கு." "அது அப்பறமா நான்தானுங்க மணி கோத்து, டாலரு வெச்சுப் பெருசு பண்ணிக் குடுத்தனுங்க. தெரிஞ்ச பத்தரு. பில்லுக் கேக்கலீங்க." மனுசன் நிறுத்தவே இல்லை. பத்தர் பேரைச் சொன்னார், பத்தர் செத்துப்போய்விட்டதாகச் சொன்னார். டீக்கடையில் ரெண்டு வடை தின்றுவிட்டு மூன்று என்று காசு கொடுக்கிற ஆள், கோர்ட்டில் நின்று, சத்தியம் செய்துவிட்டு, தங்கச்சி செய்ததைத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். அம்மா அழ ஆரம்பித்தாள். யாருக்காக அழுகிறாள் என்று இவளுக்குத் தெரியவில்லை. ரொம்பக் கோபம் வந்தது. சும்மா இருந்தவரை இதில் இழுத்துவிட்டு என்ன அழுகை.

அப்புறம் இவள். கூண்டுக் கட்டையில் முன்னால் நின்றவர்களுடைய கை வேர்வை. சொல்வதெல்லாம் உண்மை என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். மாமா போட்டது என்ற வார்த்தை தயாராகத்தான் இருந்தது, நாக்கு நுனியில், காலையிலிருந்து மென்ற வார்த்தை. சொல்லிவிடு, முடிந்தது, சாயங்காலம் வீடு பார்க்கப் போகலாம். சொல்லாவிட்டால் மாமா பொய்ச்சாட்சி, அவரையும் பிடித்து உள்ளே போடுவார்களா, அப்பாவுக்குப் பக்கத்திலேயே போடுவார்களா, அத்தை என்ன செய்வாள், கோழி லோடு யார் எடுப்பார்கள். ஒரு குடும்பத்தில் எத்தனை பேர் பொய் சொல்வது. பொய்யும் அந்த முயல் மாதிரிதான், ஒன்றைக் கொண்டுவந்து கூண்டில் விட்டால் போதும். இவள் சொன்னால் இது இவளுடைய பொய், நாளைக்கு இன்னொரு கோர்ட்டு, இன்னொரு வாய்தா, மறுபடி மென்றுகொண்டே இருக்க வேண்டும், செத்த பத்தர் பேரை மனப்பாடம் செய்ய வேண்டும். முடியாது சாமி. "பாதி மாமாதுங்க" என்றாள். நீதிபதியம்மா நிமிர்ந்தார். "பாதின்னா." "மாமா போட்ட செயினக் கடையில போட்டுட்டு, மேல காசு குடுத்து இத எடுத்தோமுங்க. மேல குடுத்த காசு எங்கப்பாகிட்ட தெய்வானை ஆயா கட்டுனதுங்க. ஆயா வெளிய உக்காந்திருக்காங்க. நான் கூடப் போயிருந்தேனுங்க, கடைக்கு." ஜெகதீசன் சார் பேனாவை மூடினார். அரசு வக்கீல் கேட்பார் என்று தெரியும், கேட்டார். "அப்ப உங்க மாமா இப்ப சொன்னது பொய்யா." மாமா அங்கே கையைக் கட்டி நிற்கிறார், இவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறார். உண்மை சொல்கிறேன் என்று ஏறினாயே, சொல்லேன் இப்போது. சிந்துஜாவுக்குப் பொய் சொல்ல வராது, கம்பெனியில் ஏன் லேட்டு என்று கேட்டால்கூட தூங்கிட்டேனுங்க என்றுதான் சொல்வாள். "இல்லீங்க" என்றாள். "மாமாவுக்குக் கிட்டப் பார்வ சரியாத் தெரியாதுங்க. கண்ணாடி ஊட்டுல வெச்சுட்டு வந்துட்டாரு. செயினா ஆரமான்னெல்லாம் அவருக்குத் தெரியாதுங்க. போட்டதாச்சேன்னு ஆமான்னுட்டாரு. பத்தரு பண்ணுனது எங்கம்மா கொலுசுங்க, அதக் கொழப்பிக்கிட்டாரு." இவ்வளவு சரளமாக எங்கிருந்து வந்தது, மாமாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும், இந்தப் பக்கத்து ரத்தம். நீதிபதியம்மா மாமாவைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். "கண்ணாடி போடறவரா நீங்க." மாமா "ஆமாங்க" என்றார். நீதிபதியம்மா என்னவோ எழுதினார். மாமன் பங்கு எவ்வளவு என்று பழைய பில்லை வைத்துக் கணக்குப் போட்டுத் தாக்கல் செய்யச் சொன்னார், மீதிக்கு உத்தரவு அடுத்த வாய்தாவில் என்றார், அடுத்த கேஸைக் கூப்பிடச் சொன்னார். அவ்வளவுதான். இதற்குத்தானா.

வெளியே வந்ததும் ஜெகதீசன் சார், "முன்னாடியே எங்கிட்டச் சொல்லிருக்கலாமில்ல" என்று சிடுசிடுத்துவிட்டு வேறு கேஸுக்கு ஓடினார். அம்மா சுவரோடு நின்று மூக்கைச் சிந்தினாள், அண்ணா என்றாள், மாமா அந்தப் பக்கம் திரும்பவில்லை. இனி எத்தனை நாளைக்குத் திரும்பமாட்டார் என்று தெரியவில்லை, தவிட்டு அறையில் எத்தனை நாளைக்கு என்றும் தெரியவில்லை. ஆயா, "என்ன கண்ணு ஆச்சு" என்றது, "பாதி உங்களுதுன்னு சொல்லிட்டேன் ஆயா" என்று பட்டென்று சொல்லிவிட்டு, ஆயா முகத்தைப் பார்க்காமல் சிந்துஜா விறுவிறுவென்று படிக்கட்டுக்கு வந்தாள். பின்னால் மாமா வந்தார். படிக்கட்டுக்குக் கீழே கோர்ட்டுப் போலீஸ்காரர் ஒருத்தர், கொஞ்சம் முன்னால் உள்ளே நின்றிருந்தவர், பல் குத்திக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அவரைப் பார்த்தார். மழைச் சாலையில் விளக்கில்லாமல் எதிரே வருகிற மாட்டைக்கூட அரை மைலுக்கு முன்னால் பார்த்து பிரேக் போடுகிற மாமா, முதல் படிக்கு முன்னால் நின்று, ஒரு காலை மெதுவாகத் தூக்கி, படி எங்கே என்று காற்றில் துழாவினார். "கையப் புடி அம்மிணி" என்றார். "கண்ணு தெரியாதவனத் தனியா உட்டுட்டுப் போற." சிந்துஜா கையைக் கொடுத்தாள். வலிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி, மாமா கீழே வந்தார்.